கண்டெடுத்த கவிதையும் காணாமல் போன பெயரும்

சொந்தமாக ஒரு சொல்லும் எழுதக்கூடாது. ஏற்கெனவே அச்சிலோ கையெழுத்திலோ கிடக்கிற ஒரு பிரதியை எடுத்து வெட்டலாம், வரி பிரிக்கலாம், இடம் மாற்றலாம், அவ்வளவுதான். இந்த விதியோடு 'கண்டெடுத்த கவிதை'ச் சிறப்பிதழ் ஒன்றைக் கொண்டுவரப் போவதாகச் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் சொன்னபோது, விமர்சகனாகிய என்னையும் அதில் கைவைக்கச் சொன்னார். மற்றவர்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, மருந்துச் சீட்டு, மின்தடை அறிவிப்பு என்று கொண்டுவந்தார்கள். நான் எடுத்துப் போனது ஒரு கிரயப் பத்திரம். என் அப்பத்தா தன் பேரிலிருந்த புஞ்சையை விற்றபோது எழுதியது.

பத்திரத் தமிழைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதற்கென்று ஒரு தாளகதி இருக்கிறது. பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்த வாய்பாடு அது. சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விற்கிரையங்களுக்கு யோக்கியமாய் என்று வடமொழியும் தமிழும் தோளில் கைபோட்டுக்கொண்டு நடக்கும். விற்கிறவளுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. ஆனால் சத்தம் புரிந்திருக்கும், ஏதோ பெரிதாக நடக்கிறது என்று. நான் அந்த வடமொழிக் கூட்டத்தைக் கழித்தேன். தொகையைக் கழித்தேன், புல எண்ணைக் கழித்தேன், ஆட்களின் பெயர்களைக் கழித்தேன். மிஞ்சியதிலிருந்து சில வரிகள்:

ஓடைக்குத் தெற்கு
வண்டிப் பாதைக்கு மேற்கு
புஞ்சைக்கு வடக்கு
மேற்படி நான்கெல்லைக்குட்பட்ட
மேடும் பள்ளமும்
கிணறும் மரமும்
இன்று முதல் தாங்கள்
ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்

நண்பருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். நிலத்தை இழந்தவளே அதை அடைந்தவனிடம் 'அனுபவித்துக்கொள்ளவும்' என்று சொல்ல வேண்டியிருக்கிற மொழியின் குரூரம் தானாக வெளியே வந்து நின்றதாகப் பட்டது. மூலப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க ஊருக்குப் போனபோது அத்தையிடம் இதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எங்க ஆத்தா பேரு எங்கப்பா?"

கவிதைக்கு அது தேவைப்படவில்லை, பெயர் இல்லாவிட்டால்தான் எல்லாருக்கும் பொதுவாகும் என்று என்னமோ சொன்னேன்.

"ரேசன் கார்டுல தாத்தா பேருக்குக் கீழதான் அவ பேரு. கல்யாணப் பத்திரிகைல எல்லாம் தாத்தா பேரு மட்டுந்தான். அவ பேர மொதல்ல போட்டு ஆரம்பிச்ச காயிதம் ஒலகத்துல இது ஒண்ணுதான். அதப் போயி எடுத்துப்புட்டியே."

கவிதை பற்றி நான் படித்த எந்தக் கோட்பாட்டிலும் இதற்குப் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போனதன் விளைவு.

கண்டெடுத்த கவிதை என்றதும் கிளம்புகிற முதல் சண்டை, இது கவிதையா என்பது. அதில் எனக்கு இப்போது அக்கறை இல்லை. 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு நவீன கவிதைத் தொகுப்பைத் தயாரித்த யேட்ஸ், மோனலிசா ஓவியம் பற்றி வால்ட்டர் பேட்டர் உரைநடையில் எழுதிய ஒரு பத்தியை வரி பிரித்து, அதையே தொகுப்பின் முதல் கவிதையாக வைத்தார். அதற்கு முன்பே 1920இல் டாடாக்காரர் ட்ரிஸ்டன் ஸாரா, செய்தித்தாளை வெட்டிப் பையில் போட்டுக் குலுக்கி எடுத்தால் கவிதை என்று சமையல் குறிப்பு கொடுத்தாயிற்று. நம்மிடத்திலும் இது பழைய சண்டைதான். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' வழியாகப் புதுக்கவிதை கிளம்பியபோது, பண்டிதர்கள் வைத்த குற்றச்சாட்டே 'உரைநடையை ஒடித்துப் போட்டிருக்கிறார்கள்' என்பதுதான். ஓலையில் பாட்டு வரிவரியாகவா இருந்தது? ஓலையின் நீளத்துக்கு ஓடியது. பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. அடி பிரித்ததும் சீர் பிரித்ததும் பதிப்பித்தவர்களின் வேலை. யாப்பு உள்ளே இருந்து வழிகாட்டியது என்பது உண்மை. பத்திரத்துக்குள் அப்படியொரு வழிகாட்டி இல்லை, வெட்டுகிறவன் கைதான் யாப்பு. வித்தியாசம் அங்கேதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. சொற்கள் எதுவும் என்னுடையவை இல்லை என்றால் என்னுடையது எது? வெட்டு. எதை விட்டேன் என்பது மட்டும்தான் நான் 'எழுதியது'. அப்படியானால் கண்டெடுத்த கவிதையை விமர்சிக்கிறவன் தாளில் இருப்பதைப் படித்தால் போதாது, கழிவுக்கூடையையும் கிளற வேண்டும்.

எங்கள் தலைமுறைக்கு இது சுலபமாக உறைப்பதில்லை. 1982இல் வந்த தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' தொட்டு இங்கே நடந்த அமைப்பியல், பின்அமைப்பியல் விவாதங்களை முதுகலை வகுப்பில் பழைய இதழ்களின் ஒளிநகல்களாகப் படித்து வளர்ந்தவன் நான். ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி மட்டுமே உண்டு, வாசகனே அர்த்தத்தை உற்பத்தி செய்கிறான் என்று மனப்பாடமாகச் சொல்வேன். பார்த் 1967இல் அதை எழுதியபோது அவர் கண்முன் இருந்தது பால்ஸாக், மல்லார்மே போன்ற பெரிய பெயர்கள். பெயரே அதிகாரமாக இருந்தவர்கள். பெயரே வாய்க்காதவளின் கைநாட்டுக்கு முன்னால் நின்று அதே வாக்கியத்தைச் சொல்வது வேறு காரியம். அப்பத்தா ஆசிரியராக இருந்ததே இல்லை, இறந்துபோவதற்கு.

சட்ட ஆவணத்திலிருந்து கவிதை செய்தவர்களில் முதலில் வைக்க வேண்டியவர் சார்லஸ் ரெஸ்னிகாஃப். 1894இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த யூதர். சட்டம் படித்தார், 1916இல் வழக்குரைஞராகப் பதிவும் செய்தார், தொழில் நடத்தவில்லை. பிற்பாடு ஒரு சட்டக் கலைக்களஞ்சியத்துக்காகத் தீர்ப்புத் திரட்டுகளைப் படித்துச் சுருக்கிக் கொடுக்கும் கூலி வேலை பார்த்தார். நாள் பூராவும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து வந்த வழக்குகள் அவர் மேசையில். யந்திரத்தில் கை போனவன், வேலிச் சண்டையில் சுடப்பட்டவன், கப்பலில் அடிபட்டுச் செத்த மாலுமி. அதிலிருந்து 'டெஸ்டிமனி' என்கிற பெயரில் 1934இல் ஓர் உரைநடை நூல் செய்தார். பிறகு அதே பெயரில் 1965 முதல் கவிதைகளாக. 1885க்கும் 1915க்கும் இடைப்பட்ட அமெரிக்கா அதில் இருக்கிறது. 'யந்திர யுகம்', 'நீக்ரோக்கள்' என்று தலைப்புகள்கூட ஏதோ அலுவலகக் கோப்புக்கு வைத்த மாதிரி.

அவருடைய ஒரு கவிதையில் அநாதை இல்லத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த பதினான்கு வயதுப் பெண், புத்தகம் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறாள். மேசைக்கு அடியில் ஒரு யந்திரத் தண்டு சுழல்கிறது. அவள் முடி அதில் சிக்குகிறது. இழுத்துக்கொண்டு போகிறது. கவிதை அவ்வளவுதான். கண்ணீர் இல்லை, முதலாளித்துவம் ஒழிக இல்லை. ஆலை முதலாளி நஷ்ட ஈடு கொடுத்தானா என்பதும் இல்லை.

ரெஸ்னிகாஃபின் வெட்டு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். தீர்ப்புத் திரட்டில் ஒரு மனிதனின் துயரம் 'வழக்கின் விவரம்' என்கிற பகுதியில் சில வரிகளில் வந்துவிட்டுப் போகும். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகச் சட்ட வாதம், முன்தீர்ப்புகள், கடைசியில் முடிவு. அந்தத் துயரத்துக்கு அங்கே உள்ள ஒரே உபயோகம் சட்ட விதி ஒன்றுக்கு உதாரணம் ஆவது. ரெஸ்னிகாஃப் வாதத்தையும் முடிவையும் அறுத்துவிட்டு விவரத்தை மட்டும் வைக்கிறார். நீதிபதி போய்விட்டார், சாட்சி நிற்கிறான். தீர்ப்பை வெட்டியெறிவது என்கிற ஒரே செயலில் அவர் சட்டத்தின் படிநிலையைத் தலைகீழாக்கிவிடுகிறார். இதைக் கட்டுடைத்தல் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அவர் அந்தச் சொல்லைக் கேள்விப்படாமலேயே 1976இல் இறந்துபோனார்.

ஆனாலும் அவரும் பெயர்களை எடுத்தார். ஆட்களின் பெயர்கள் கற்பனை, ஊர்ப் பெயர்கள் மாற்றப்பட்டவை என்கிற முன்குறிப்போடுதான் 'டெஸ்டிமனி' வருகிறது. அந்தரங்கம் காக்கிற நேர்மை அது என்று ஒரு பக்கம் சொல்லலாம். அந்தக் கறுப்பினத் தொழிலாளியை, அந்த மாலுமியைப் பற்றி உலகத்தில் இருக்கிற எழுத்தே இதுதான் என்றால்? அத்தையின் கேள்வி ரெஸ்னிகாஃபுக்கும் பொருந்துகிறது. பெயரை எடுத்த இடத்தில் இன்னொரு பெயரை வைத்தார், வெறுமையாக விடவில்லை, விட்டிருப்பதைச் சொல்லவும் செய்தார் என்பதால் என் குற்றத்தைவிட அவருடையது லேசானது.

பெயரே இல்லாத ஆவணத்தை என்ன செய்வது? மார்லீன் நூர்பீஸ் ஃபிலிப்பின் 'ஸோங்!' (2008) இதைத்தான் எதிர்கொள்கிறது. டொபாகோவில் பிறந்து கனடாவில் வாழ்கிறவர், இவரும் வழக்குரைஞராக இருந்தவர். 1781இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஜமைக்காவுக்கு அடிமைகளை ஏற்றிச் சென்ற ஸோங் கப்பலில், குடிதண்ணீர் போதவில்லை என்று காரணம் சொல்லி, 130க்கும் மேற்பட்டவர்களைக் கடலில் தூக்கியெறிந்தார்கள். லிவர்பூல் உரிமையாளர்கள் போன 'சரக்கு'க்குக் காப்பீட்டுத் தொகை கேட்டார்கள். நீதிமன்றத்துக்குப் போனது கொலை வழக்கு இல்லை, காப்பீட்டு வழக்கு. ஜூரிகள் உரிமையாளர்கள் பக்கம் சொன்னார்கள். 1783இல் மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மிஞ்சியிருப்பது 'கிரெக்ஸன் எதிர் கில்பர்ட்' என்ற சுமார் ஐந்நூறு சொற்கள் கொண்ட ஒரு வழக்குக் குறிப்பு. தலைப்பில் இருக்கிற இரண்டு பெயர்களில் ஒன்று கப்பல்காரனுடையது, மற்றது காப்பீட்டுக்காரனுடையது. கப்பலின் பெயர்கூடப் பிழையானது. 'அக்கறை' என்று பொருள்படும் டச்சுச் சொல் ஒன்றை மாற்றி எழுதியதில் வந்தது.

ஃபிலிப் அந்தக் குறிப்புக்குள்ளேயே தன்னைப் பூட்டிக்கொள்கிறார். முதலில் அதன் சொற்களை எடுத்துப் பக்கமெங்கும் இறைக்கிறார். பிறகு சொற்களையே உடைத்து அசைகளாக்கி, அசைகளிலிருந்து வேறு மொழிகளின் சொற்களைக் கிளப்புகிறார். படிக்க முடியவில்லை என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. முதல் தடவை எனக்கும் முடியவில்லை. வரிக்கும் வரிக்கும் நடுவே வெள்ளை, நீந்திப் போக வேண்டியிருக்கிறது. ஆனால் முதல் பகுதியின் பக்கங்களில் அடிக்கோட்டுக்குக் கீழே பார்த்தால், அடிக்குறிப்பு வர வேண்டிய இடத்தில் ஆப்பிரிக்கப் பெயர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை அந்தக் கப்பலில் இருந்தவர்களின் பெயர்கள் என்று யாரும் நிரூபிக்க முடியாது, அப்படி ஒரு பட்டியலே வழக்குக் குறிப்பில் இல்லை. ஃபிலிப் சொந்தச் சொல் சேர்க்கக்கூடாது என்கிற விதியை மீறிய இடம் அது. கடலுக்கு அடியில் இருக்கிறவர்களைப் பக்கத்துக்கு அடியில் வைக்க ஒரு விதியை உடைத்தார். அட்டையில் ஆசிரியராகத் தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளவும் இல்லை. ஸெட்டாயெ அடாமு போட்டெங் என்கிற மூதாதைக் குரல் தனக்குச் சொன்னது என்று போட்டார். ஆசிரியன் இறந்துவிட்டான் என்பதற்கும் செத்தவர்களை ஆசிரியராக்குவதற்கும் எவ்வளவு தூரம்!

சரி, பெயரைப் போட்டுவிட்டால் பாவம் தீர்ந்ததா என்றால் இல்லை. அமெரிக்காவில் 'படைக்காத எழுத்து' என்கிற கொள்கையைப் பேசிப் பேர் வாங்கியவர் கென்னத் கோல்ட்ஸ்மித். 2000 செப்டம்பர் 1ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் இதழ் முழுவதையும் திரும்பத் தட்டச்சு செய்து 2003இல் புத்தகமாகப் போட்டவர். பங்குச் சந்தைப் புள்ளிவிவரம் உட்பட. அதுவரை நான் அவரை ரசித்திருக்கிறேன். 2014 ஆகஸ்டில் ஃபெர்குஸன் நகரில் மைக்கேல் பிரவுன் என்கிற 18 வயதுக் கறுப்பின இளைஞனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். 2015 மார்ச்சில் பிரவுன் பல்கலைக்கழக அரங்கொன்றில் கோல்ட்ஸ்மித் அந்தப் பையனின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கவிதை என்று வாசித்தார். தலைப்பிலேயே பெயர் இருந்தது. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை என்றார். ஆனால் மருத்துவச் சொற்களை எளிமைப்படுத்தியிருந்தார், வரிசையை மாற்றியிருந்தார், அறிக்கையின் நடுவில் எங்கோ இருந்த பிறப்புறுப்பு பற்றிய வரியைக் கடைசியில் கொண்டுவந்து வைத்து முடித்தார். எதிர்ப்பு வெடித்தது. ஒரு வெள்ளைக்காரன் கறுப்பு உடம்பைத் திரும்பவும் மேசையில் கிடத்தினான் என்றார்கள். வாசிப்பின் ஒளிப்பதிவை வெளியிட வேண்டாம் என்று அவரே பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொண்டார்.

'நான் சேர்க்கவில்லை' என்பது கண்டெடுத்த கவிதைக்காரனின் நிரந்தர முன்ஜாமீன். கோல்ட்ஸ்மித்தின் கடைசி வரி அந்த ஜாமீனை ரத்து செய்துவிடுகிறது. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தவன் எதுவும் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? நான் 'அனுபவித்துக்கொள்ளவும்' என்பதில் நிறுத்தினேன். பத்திரம் அங்கே நிற்கவில்லை. அதற்குக் கீழே அப்பத்தாவின் பெயரும் இடதுகைப் பெருவிரல் ரேகையும் இருந்தன. என் முடிவும் கோல்ட்ஸ்மித்தின் முடிவும் ஒரே ஜாதிதான், கைதட்டலை எதிர்பார்த்து வைத்தவை.

சிறப்பிதழ் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் என் படிப்பை வைத்தே என்னை மடக்கினார். அகப்பாட்டில் யாருடைய இயற்பெயரும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வைத்த விதி அல்லவா, பெயர் போனால்தான் அது எல்லாருடைய காதலும் ஆகிறது, நீயும் அதைத்தானே செய்திருக்கிறாய் என்றார். நல்ல வாதம். இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் கிரயப் பத்திரம் அகம் இல்லை, புறம். யார், எந்த ஊர், எந்த நிலம், யாருக்கு இழந்தார் என்பது புறத்தின் இலக்கணம். என் கவிதையில் இன்னொரு கோளாறும் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். 'இன்னார் புஞ்சைக்கு வடக்கு' என்பதில் 'இன்னார்' என்பவர்தான் எல்லைக்கல். அதை எடுத்துவிட்டு வெறும் புஞ்சைக்கு வடக்கு என்றால் அந்த நிலம் எங்கேயும் இல்லை. நான் பொதுமையாக்கியதாக நினைத்தது ஒரு நிலத்தை அந்தரத்தில் தூக்கியதுதான். புறத்தை அகமாக மொழிபெயர்ப்பது வன்முறையாகவும் இருக்கலாம்.

நம்மிடம் வேறொரு முன்மாதிரி இருக்கிறது. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகளில் அடிகள் சிதைந்து போயின. உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த நூல் அது. சிதைந்த இடங்களில் புள்ளிகள் வைத்து அச்சிடுவது நம் பதிப்பு மரபு, ஊகித்து நிரப்புவதில்லை. மேலைக் கவிஞர்கள் கறுப்பு மையால் அழித்து அழிப்புக் கவிதை செய்வதற்கு வெகுகாலம் முன்பே நமக்குச் செல் அழித்துக் கொடுத்திருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் செல்லுக்கு நோக்கமில்லை. அரசாங்கத் தணிக்கைக்காரனின் கறுப்பு மைக்கு உண்டு, கவிஞனின் கறுப்பு மைக்கும் உண்டு. ஈரானிய வம்சாவளிக் கவிஞர் சோல்மாஸ் ஷெரீஃப் 2013இல் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டு கறுப்புகளின் ஒற்றுமையைத்தான் கேள்விக்குள்ளாக்குகிறார்.

அதைவிட முக்கியம், தொகை நூல்களில் சில புலவர்களுக்குக் கிடைத்த பெயர்கள். பாடியவர் பெயர் மறைந்துவிட்டது. வெறுமனே விடவில்லை. பாட்டுக்குள்ளேயே தேடி ஒரு தொடரை எடுத்து அதையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். கண்டெடுத்த கவிதை என்பதற்கு நேர் எதிராக இது கண்டெடுத்த பெயர். பிரதியிலிருந்து ஆளை நீக்காமல், ஆளில்லாத பிரதியிலிருந்து ஆளை எடுத்தார்கள். தொகுத்த அந்தக் கைகளுக்கு என்னைவிடப் பொறுப்பு இருந்திருக்கிறது.

நண்பர் அடுத்ததாக வெண்மணித் தீர்ப்பை வெட்டப் போவதாகச் சொல்கிறார். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்துபோனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மிராசுதார்களை மேல்முறையீட்டில் விடுதலை செய்த சென்னை உயர்நீதிமன்றம், இவர்கள் பணக்காரர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, வேலையாட்களின் துணையில்லாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் சொன்னது. இதை மட்டும் தனியே வரி பிரித்துப் போட்டாலே வயிறு எரியும் என்கிறார் நண்பர். எரியும்தான். ஆனால் அப்போது அந்தக் கவிதையின் ஒரே குரல் தீர்ப்பெழுதியவருடையதாக இருக்கும், அதிலுள்ள ஒரே பொருள் காராக இருக்கும். ரெஸ்னிகாஃப் வெட்டியெறிந்த பகுதியை நாம் எடுத்து வைத்துக்கொள்கிறோம், அவர் வைத்துக்கொண்டதை வெட்டுகிறோம். செய்யாதே என்று நான் சொல்லவில்லை. 44 பெயர்களையும் அந்தப் பக்கத்தில் எங்கே வைக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

என் கவிதையை அச்சுக்குப் போகும் முன் திரும்ப வாங்கிக்கொண்டேன். அப்பத்தாவின் பெயரை இந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. வாதத்துக்கு உதாரணமாக அவரை இழுத்து வருவது இன்னொரு வெட்டாகிவிடும் என்று பயம். கவிதையை மறுபடி செய்து பார்த்தேன். மேலே அவர் பெயர், இன்னார் மனைவி என்பதும் சேர்த்து. எல்லைகளில் நான்கு பக்கத்து ஆட்களின் பெயர்கள். தொகை, ஏக்கர், சென்ட். புரியாத வடமொழியையும் உள்ளே விட்டேன், அது அவர் காதில் விழுந்த சத்தமாயிற்றே. கடைசியில் கைநாட்டு என்று எழுதி முடித்தேன். நண்பர் படித்துவிட்டு, இது பத்திரமாகவே இருக்கிறதே ஐயா, இதில் நீ என்ன செய்திருக்கிறாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அத்தை மட்டும் அதை ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்.